அன்னமும் கிளியும்: உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் ஆய்ந்து படித்தல்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலப் பாடத்தைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயின், நம் மாணவர் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றுவிட்டுக் கல்லூரிக்கு வருகின்றனர். வந்தபின், ஆங்கிலத்தில் அச்சான ஒரு துண்டறிக்கையையோ வங்கிப் படிவத்தையோ கையில் கொடுத்து, ‘இதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டால் ஒருவாறு விடை கூறுவர். ‘இதில் என்ன சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டால் திகைத்து நிற்பர். இத்திகைப்பு ஆங்கிலத்தில் மட்டும் நேர்வதன்று, தமிழிலும் நேர்வதே. அதனாலேயே இதனை ஆங்கிலத்துறையின் தனிக்கவலை என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

மேலைநாட்டார் ‘ரெட்டரிக்’ என வழங்குவதை நாம் இங்குச் சொல்வன்மைக் கலை எனக் குறிப்போம். கேட்போரையும் படிப்போரையும் தன்வயப்படுத்தும் வகையில் சொல்லை அமைப்பது அக்கலை. அவ்வாறு அமைந்த சொல்லை மயங்காது பிரித்து அறிவது ஆய்ந்து படித்தல். நெய்யத் தெரிந்தவனே நெய்ததன் குறையையும் காண்பான் என்பது ஆரணி நகரத்தார்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. சேலையைத் திருப்பிப் பிடித்துப் பின்புறத்து இழையைப் பார்ப்பவர் இவ்வூரில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பழக்கத்தைப் புத்தகத்தின்பாலும் திருப்ப வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பாயிரம் கூறும் மாணாக்கர்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறுகின்றார். தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும். இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும். கடைமாணாக்கர்க்கு ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும். இவற்றுள் கிளி இடைநிலையில் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. சொன்னதைச் சொல்லும் கிளியைப் பவணந்தியார் இகழவில்லை. ஆயினும் தலைநிலையை அதற்கு அவர் தரவில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்திற்கே அந்த இடம். மேய்ந்ததை ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவிற்கும் அந்த இடம் உண்டு. இன்றைய கல்வியியலார் மறுவாசிப்பு என்று கூறுவதைப் பசுவின் வாயில் வைத்துக் காட்டிய நயம் பாராட்டற்குரியது.

நன்னூல் மற்றொன்றும் கூறுகின்றது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைத் தானே பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வாய்க்கும். இக்கணக்கை நம் ஆங்கில வகுப்புகளின்மேல் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நாற்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் பேசுவது பெரும்பகுதி; மாணவர் எழுதிக்கொள்வது மிச்சப்பகுதி. அரைப்பங்குப் புலமைக்கு உரிய நேரம் கால அட்டவணையில் எங்கும் இல்லை.

தேர்வு முறையும் இதற்கு ஒரு காரணம். 2019-20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்திற்கு இரண்டு தாள் என்பது போய் ஒரே தாள் என்றாயிற்று. வினாத்தாளில் ஒரு கவிதையடியைக் கொடுத்து, இதில் பயின்றுவந்த அணி யாது என்று கேட்கின்றனர். ‘மெட்டஃபர்’ என்றோ ‘பெர்சானிஃபிகேஷன்’ என்றோ ஒரு சொல் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அவ்வணி அங்கே ஏன் வந்தது, அதனைக் கேட்டவுடன் நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற வினா எழுவதில்லை. அணியின் பெயரைச் சொல்வது பூவின் பெயரைச் சொல்வது போன்றது, மணம் அறிந்ததாகாது. தமிழ் வகுப்பிலும் அணியிலக்கணத்தை வரையறை, எடுத்துக்காட்டு, பொருத்தம் என்று மூன்று பத்தியில் முடித்துவிடும் வழக்கமே நெடுநாளாக நிலைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே வினாத்தாளில், கொடுத்த குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் ஒன்று எழுதுக என்னும் வினாவும் கேட்கப்பட்டு வந்துள்ளது. தள்ளுபடி, பரிசுக் கூப்பன், இலவச வீட்டுச் சேவை என்று குறிப்புகளை வளர்த்து, கட்டம் கட்டி, எழுத்தைப் பெரிதாக்கி மாணவர் எழுதுகின்றனர். விளம்பரம் எழுதக் கற்பிக்கிறோம். விளம்பரத்தை வினவக் கற்பிப்பதில்லை. ஒரே வினாவில் சிறு மாற்றம் செய்தால் போதும்: ‘கீழ்க்காணும் விளம்பரத்தைப் படித்து, அதனை நம்பிப் பொருள் வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதுக.’ இதற்கும் இலக்கணம் தேவை, சொல்வளம் தேவை, அவற்றோடு அறிவும் தேவைப்படுகிறது.

பட்டுச் சேலையின் முத்திரைகள்

ஆரணி மாணவர்க்கு இதனைப் பயிற்றுவிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர்ப் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. ஊரில் விற்பனையாகும் சேலைகளின்மேல் ஒட்டப்படும் முத்திரைகளும் சீட்டுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றை வகுப்பிற்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் எதற்கு உறுதி கூறுகிறது என்று கேட்கலாம்.

2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்தது ‘சில்க் மார்க்’. இழை இயற்கைப் பட்டு என்பதற்கு அது உறுதி. அச்சேலை கைத்தறியில் நெய்யப்பட்டதா, விசைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதை அது சொல்லாது. சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்பதும் அதன் பொறுப்பன்று. 2006இல் வந்தது கைத்தறி முத்திரை. கையால் நெய்யப்பட்டது என்பதற்கு அது சான்று. இழை பட்டா பருத்தியா என்பது அதன் கேள்வியன்று. புவிசார் குறியீடோ ஊரையும் அவ்வூர்க்கு உரிய தன்மையையும் பற்றியது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வழங்கப்படுவது. ஆக மூன்று முத்திரைகள் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடை. கடையில் ஒரு முத்திரையைக் காட்டி மூன்றிற்கும் உறுதி கூறுவதுபோல் ஒருவர் பேசினால், அங்கே பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆயினும் வாங்குபவர் ஏமாந்து போகலாம். பொய் சொல்லாமலே மயக்கும் இவ்விடத்தைக் காட்டுவதே ஆய்ந்து படித்தலின் முதற்பாடம்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்தவற்றுள் குன்றக் கூறல் ஒன்று, மயங்க வைத்தல் ஒன்று. ‘ஐம்பது விழுக்காடு வரை தள்ளுபடி’ என்னும் தொடரில் ‘வரை’ என்ற சிறு சொல் பெரும்பணியைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அது ‘அப் டு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஐம்பது என்பது உள்ளங்கை அகலத்தில் இருக்கும். எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பது இல்லை. இது குன்றக் கூறல். ‘ஆரணி டிசைன்’ என்றால் ஆரணியில் நெய்ததா, ஆரணியைப் பார்த்து நெய்ததா? இது மயங்க வைத்தல். இலக்கண வகுப்பில் வறண்ட பட்டியலாக மனப்பாடம் செய்யப்படும் பத்துக் குற்றங்கள், ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கும்போது உயிர்பெறுவதை மாணவர் தாமே காண்பர்.

சட்ட வாசகத்தையும் இவ்வாறே படிக்கலாம். கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. அது செல்லும் என 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சட்டம் கைத்தறி என்பதை விசைத்தறி அல்லாத தறி என்றே வரையறுக்கிறது. ஒரு பொருளை அது எதுவன்று என்பதனால் வரையறுப்பதில் உள்ள வசதி என்ன, இடர் என்ன என்று பதினொன்றாம் வகுப்பு மாணவரைக் கேட்டால் ஒரு முழு வகுப்பும் விவாதத்தில் கழியும். அம்மாணவருள் பலர் தறிச்சத்தத்தில் வளர்ந்தவர். ஜக்கார்டுப் பெட்டியின் அட்டையில் துளை எங்கே விழுந்தால் முந்தியில் என்ன பூ விழும் என்று அறிந்தவர்க்கு, ஒரு சொல் எங்கே விழுந்தால் பொருள் எப்படி மாறும் என்பது புரியாமற் போகாது.

பாடநூலிலேயே உள்ள வாய்ப்புகள்

பாடநூலை விட்டுவிட்டுத் துண்டறிக்கையை மட்டும் படிக்கச் சொல்கிறோம் என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ண வேண்டா. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இதற்கு நல்ல இடங்கள் பல உள்ளன. மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஈசாப்பின் கதையைத் தழுவிய எறும்பும் சிள்வண்டும் கவிதை ஒன்று. கோடையெல்லாம் பாடித் திரிந்த சிள்வண்டு, குளிர்காலத்தில் எறும்பின் வாயிலில் வந்து இரக்கிறது. எறும்போ, எங்கள் குலத்தார் கடன் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று கூறி அனுப்பிவிடுகிறது. சேமிப்பே சிறப்பு என்று வகுப்பில் பாடம் முடிகிறது. மணியும் அடித்துவிடுகிறது. ஆனால் இக்கவிதையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் நிலை யாது? மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாது, குழித்தறியில் ஈரம் ஏறும், தறி நிற்கும். அந்த நாள்களில் வீடு நடப்பது முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தால். அப்பிள்ளையின் தந்தை கோடையில் பாடித் திரிந்தவரல்லர், உழைத்தும் கடன்பட்டவர். கவிதையின் கணக்குப்படி அவர் எறும்பா, சிள்வண்டா?

இவ்வினா கவிதையைப் பழிப்பதற்கன்று. கவிதை எவ்வாறு நம்மை எறும்பின் பக்கம் நிறுத்துகிறது என்று காண்பதற்கு. சிள்வண்டு பேசும்போது அழுகுரல். எறும்பு பேசும்போது உறுதிக்குரல். எறும்புக்கு வீடும் வாயிலும் உண்டு. இறுதியில் கவிஞர் தாமே முன்வந்து, இது கட்டுக்கதையன்று, உண்மையே என்று உறுதி கூறி, இரண்டு கால் சிள்வண்டுகளும் உலகில் உண்டு என்று முடிக்கின்றார். கதைக்குள் சான்று இல்லாததை ஆசிரியரின் உறுதிமொழி ஈடுசெய்கிறது. இதனைக் கண்டுகொண்ட மாணவர், பின்னாளில் மேடைப் பேச்சாளர் ஒருவர் ‘இது கதையல்ல, நிஜம்’ என்று உரக்கக் கூறும்போது சற்று நிமிர்ந்து உட்காருவர்.

அடுத்தது ருட்யார்டு கிப்ளிங்கின் இயந்திரங்களின் இரகசியம் பற்றிய கவிதை. 1911இல் அவரும் ஃபிளெச்சரும் சேர்ந்து வெளியிட்ட இங்கிலாந்துப் பள்ளி வரலாற்று நூலுக்காக எழுதப்பட்டது அது. அதில் இயந்திரங்களே ‘நாங்கள்’ என்று தன்மையில் பேசுகின்றன. எங்களுக்குச் சிறிது நீரும் கரியும் எண்ணெயும் போதும், இழுப்போம், தூக்குவோம், நெய்வோம், உழுவோம் என்கின்றன. பிறகு ஓர் எச்சரிக்கை: எங்களுக்கு அன்போ இரக்கமோ மன்னிப்போ தெரியாது. இதில் வந்த அணி ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். நாம் கேட்க விழைவது வேறு. இயந்திரம் ‘நாங்கள்’ என்று பேசத் தொடங்கியவுடன், அதனை வாங்கி நிறுத்தி இயக்கும் உரிமையாளர் எங்கே போனார்? கவிதையில் இயந்திரமும் ‘நீங்கள்’ எனப்படும் மனிதரும் மட்டுமே இருக்கின்றனர். விசைத்தறி வந்ததால் கைத்தறிக்கு வேலை குறைந்தது என்று ஆரணியில் பேசும்போது நாமும் தறியின்மேல் குற்றத்தை வைத்துப் பேசுகிறோமே, அதுவும் இதே அணிதானே? தறி தானாக ஊருக்குள் நடந்து வரவில்லை. இந்த ஒரு வினாவால் கவிதை ஊருக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, அல்ஃபோன்ஸ் தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் ‘கடைசிப் பாடம்’. 1870-71இல் நடந்த போரில் பிரான்சு தோற்று, அல்சாஸ் பகுதி செருமனியின் வசமான காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. நாளை முதல் பள்ளியில் செருமானியம் மட்டுமே என்ற ஆணை வந்துவிட, பிரெஞ்சு ஆசிரியர் தம் கடைசி வகுப்பை நடத்துகின்றார். தாய்மொழிப் பற்றுடைய தமிழர் எவரும் இக்கதையைக் கண் கலங்காமல் படித்தல் அரிது. நாமும் கலங்கியே படிக்கிறோம். ஆயினும் கதை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அல்சாஸ் மக்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது செருமானியக் கிளைமொழி ஒன்றே. பிரெஞ்சு அவர்களுட் பலர்க்குப் பள்ளியில் வந்த மொழி. அப்படியானால் கதையில் ‘நம் மொழி’ என்று ஆசிரியர் கூறும்போது அந்த ‘நம்’ யார்?

நம் வகுப்பறையில் வீட்டில் தமிழ் பேசுவோரோடு உருது பேசும் பிள்ளைகளும் சௌராட்டிரம் பேசும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். வீட்டுமொழி ஒன்று, தெருமொழி ஒன்று, பள்ளிமொழி ஒன்று என்பது அவர்க்குப் பழகிய நிலை. இவ்வினாவிற்கு நம்மைவிட அவர்களே நல்ல விடை கூறுவர். கதையின் உருக்கம் இதனால் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உருக்கம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தபின்னும் உருகுவதே நல்ல வாசகர்க்கு அடையாளம்.

மெக்காலேயைப் படிப்பது எப்படி

மேல்நிலை வகுப்பிற்கு இன்னும் கடினமான ஒன்றைக் கொடுக்கலாம். 1834இல் சென்னையில் கரையிறங்கி, உதகமண்டலத்தில் இருந்த பெண்டிங்கு பிரபுவைக் காணச் சென்றவர் மெக்காலே. 1835 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் எழுதிய கல்விக் குறிப்பைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அதனைப் படித்தவர் எத்தனை பேர்? ஆங்கிலம் நம் நாட்டுப் பள்ளிகளில் வந்தமர்ந்ததற்கு ஆதாரமான ஆவணத்தை, அந்த ஆங்கிலத்தைக் கொண்டே ஆராய்வது பொருத்தமான பயிற்சி.

அதில் ஒரு பத்தி போதும். எனக்குச் சமற்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று மெக்காலே முதலில் ஒப்புக்கொள்கின்றார். மொழிபெயர்ப்புகளைப் படித்தேன், அம்மொழிகளில் வல்ல அறிஞரோடு உரையாடினேன் என்கின்றார். உடனே, ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டு இந்திய, அரபு இலக்கியம் அனைத்திற்கும் ஈடாகும் என்ற முடிவைக் கூறுகின்றார். கீழைக்கல்வியை ஆதரிப்போரும் இதனை மறுத்ததில்லை என்று சேர்க்கின்றார். முதலில் அடக்கம், அடக்கத்தால் நம்பிக்கை, அந்த நம்பிக்கையின் மேல் மிகப் பெரிய தீர்ப்பு, தீர்ப்பிற்கு எதிர்ப்பக்கத்தாரின் மௌனமே சான்று. இந்நான்கு படிகளைக் கண்டுகொள்ளும் மாணவர்க்குச் சொல்வன்மைக் கலையில் வேறு பாடநூல் வேண்டியதில்லை. தெரியாது என்று கூறிய மொழியின் இலக்கியத்தை எடைபோட்ட தராசு எது என்று அவர் கேட்கட்டும். அதே குறிப்பில் உள்ள வலுவான வாதத்தையும் அவர் காணட்டும்: அரபியும் சமற்கிருதமும் படிப்போர்க்கு அரசு பணம் தர வேண்டியிருக்கிறது, ஆங்கிலம் படிப்போரோ தாமே பணம் தருகின்றனர் என்பது அது. இதற்கு விடை கூறுவது எளிதன்று. எளிதன்று என்பதாலேயே அது வகுப்பிற்கு உரியது. வசைபாடுவதற்கும் ஆய்ந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாடு, எதிரியின் நல்ல வாதத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் தெரியும்.

மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றியும் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். ஆரணிக்கு அது ஒருவகையில் ஊர்ச்செய்தி. 1751 டிசம்பரில் கிளைவின் படையும் மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் சேர்ந்து, இராசா சாகிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் வென்ற களம் இவ்வூரை ஒட்டியதே. அப்போரைக் கிளைவின் வெற்றி என்றே ஆங்கில நூல்கள் பேசுகின்றன. மராட்டியக் குதிரைவீரர் வாய்திறந்தால் எப்படிச் சொல்லியிருப்பர் என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.

முன்னோர் கைவிட்டுப் போகாத கருவிகள்

இவையெல்லாம் மேலைநாட்டுப் புதுமைகள், நம் பண்பாட்டிற்கு ஒவ்வாதன என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். பெரியோர் சொல்லைப் பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவர் என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்கமாட்டோம். ஆனால் நம் முன்னோர் இதனை அஞ்சியதாகத் தெரியவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்கின்றார். அவையஞ்சாமை அதிகாரத்தில், அவையில் அஞ்சாது விடைகூறும் பொருட்டுக் கற்க வேண்டியதைச் சொல்லுமிடத்து, அளவை நூலைக் கற்க வேண்டும் எனப் பரிமேலழகர் பொருள் காண்கின்றார். அளவை நூல் என்றது தருக்கத்தை.

ஆரணிக்கு அருகிலுள்ள காஞ்சியிலேதான் மணிமேகலை அறவண அடிகளிடம் பாடம் கேட்டாள். அவர் அவளுக்கு முதலில் கற்பித்தது யாது? பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என வாதத்தின் உறுப்புகளையும், அவை ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளையும் அடிகள் விரித்துரைக்கின்றார். இருபத்தொன்பதாம் காதையைக் கடினம் என்று பாடத்திட்டத்தில் ஒதுக்கிவிடுகிறோம். இன்று ‘ஃபேலசி’ என்று ஆங்கிலப் பேராசிரியர் கூறுவதற்குப் ‘போலி’ என்னும் அழகிய தமிழ்ச்சொல் அங்கே கிடக்கிறது. ஓர் இளம்பெண்ணுக்குத் தருமத்தைக் கூறுமுன் தருக்கத்தைக் கூறிய அந்த ஆசிரியரை இன்றைய ஆசிரியர் மறத்தலாகாது.

அரபு மரபிலும் இது புதிதன்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளின் மரபை அறிந்த பெரியோர்க்குப் பலாகா என்னும் கலை தெரியாததன்று. மஆனீ, பயான், பதீஉ என மூன்று பிரிவாக அது விரியும். சூழலுக்கும் கேட்போர் நிலைக்கும் பொருந்தப் பேசுவதே சொல்வன்மை என்பது அதன் அடிப்படை. அரிஸ்டாட்டிலின் சொல்வன்மை நூலுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்னு ருஷ்து விளக்கவுரை கண்டார். நபிமொழித் தொகுப்பாளர்களோ ஒரு செய்தி வந்தால், அதன் வாசகத்தை மட்டுமன்றி அதனை யார் யாரிடம் கேட்டு யாருக்குச் சொன்னார் என்னும் தொடரையும் ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். சொன்னவரின் நினைவாற்றல், நேர்மை, இருவரும் ஒரே காலத்தவரா என்பனவெல்லாம் கணக்கில் வந்தன. கைப்பேசியில் வந்த செய்தியை நொடியில் பத்துப் பேர்க்கு அனுப்பும் இளைஞர்க்கு இம்மரபை எடுத்துச் சொன்னால், வினவுதல் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நீங்கும்.

அணியிலக்கணத்திலிருந்தும் ஒன்று சொல்வோம். இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்றம். மதுரை மதிற்கொடி காற்றில் அசைந்ததைக் கோவலனை வாராதே என்று மறித்ததாக இளங்கோவடிகள் பாடியது எல்லா மாணவர்க்கும் தெரியும். செய்தித்தாளில் ‘பங்குச்சந்தை அச்சத்தில் நடுங்கியது’ என்று ஒரு தலைப்பு வருகிறது. விலை இறங்கியது நிகழ்ச்சி. அச்சம் ஏற்றிய குறிப்பு. எது கொடியசைவு, எது புலவர் குறிப்பு என்று ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இளங்கோவைப் படித்த மாணவர்க்கு அது விளையாட்டுப்போல் வரும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். எல்லாவற்றிலும் குற்றமே காண்பது ஆய்ந்து படித்தலாகாது. நெய்யை ஒழுகவிட்டு அழுக்கை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் நெய்யரியை நன்னூலார் கடைமாணாக்கரோடு வைத்ததை இங்கு நினைவூட்டுகிறோம். பத்திரிகையில் எழுதுவோர் எல்லாரும் பொய்யர், எந்த நூலும் யாரோ ஒருவரின் சூழ்ச்சி என்று பேசித்திரிவது சோம்பலின் மற்றொரு வடிவம். நம்பத்தக்கதை நம்புவதற்கும் துணிவு வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது சிறிதே. நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில், தேர்வு நெருக்கடிக்கிடையே ஆசிரியர் படும் பாடு நாம் அறியாததன்று. இரு வாரத்திற்கு ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும். நால்வர் நால்வராகப் பிரிந்து அமரட்டும். முதலில் தமிழிலேயே பேசட்டும், உருதில் பேசினாலும் குற்றமில்லை. எண்ணம் தெளிந்தபின் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதட்டும். பின்னர் ஒரு குழு எழுதியதை மற்றொரு குழு படித்து, அதில் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் உளவா என்று பார்க்கட்டும். பவணந்தியார் கூறிய எஞ்சிய முக்கால் பங்கும் அந்த ஒரு மணிநேரத்தில் தலைகாட்டும். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பத்தியைத் தத்தம் வகுப்பில் நடத்தினால் இன்னும் நன்று. ஆசிரியர் ஓய்வறையில் இருவர்க்கும் நாற்காலி அருகருகேதான் இருக்கிறது.

பாடப்பொருளுக்குச் செலவும் இல்லை. ஆடியிலும் ஐப்பசியிலும் கடைத்தெருவில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளை எடுத்துவைத்தல் போதும். சேலைப் பெட்டிக்குள் வரும் சீட்டு, மகளிர் குழுக் கடன் படிவம், கைப்பேசி நிறுவனத்தார் தரும் சிற்றெழுத்து நிபந்தனைத் தாள் ஆகியவற்றையும் மாணவரே வீட்டிலிருந்து கொண்டுவருவர். படிவங்களில் பெயரும் எண்ணும் எழுதிய இடங்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு வகுப்பில் பயன்படுத்துமாறு ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.